மாரப்பன் பெயரில் எழுதிய இணைப்பு

சாமி,

நீ விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீயும் உன் அப்பாவும் குளிருக்குப் போடும் உடுப்பு வாங்க சேலம் போயிருக்கிறீர்கள். திரும்பி வர சாயங்காலம் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த மாதத்தில் இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், இன்னொரு முறை யாரோ போன் செய்தார்கள். இரண்டும் நல்ல சாக்கு என்று எனக்கே தெரியும். பேச்சென்றால் பாதியில் வேறு பக்கம் திருப்பிவிடுவேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நீ ஆய்வகத்தில் எடுத்த ஒரு படத்தை மடிக்கணினியில் காட்டினாய். முடியளவு கண்ணாடி இழை ஒன்று ஒடிந்த முகம், நுண்ணோக்கியில் பெரிதாக்கியது. ஓர் ஓரத்தில் மட்டும் அது வழுவழுப்பாக இருந்தது. அதைச் சுற்றிப் பனி படிந்தாற்போல் ஒரு வளையம், அதற்கப்பால் கரடுமுரடான கோடுகள். வழுவழுப்பான அந்தப் பகுதியின் நடு ஓரத்தில் விரலை வைத்து, "இங்கதாம்மா ஆரம்பிச்சிருக்குது. ஒடஞ்ச மூஞ்சியப் பாத்தே எங்க கீறல் விழுந்துச்சுன்னு சொல்லிரலாம்" என்றாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை. நீ எந்த இழையைப் பற்றிப் பேசினாயோ எனக்குத் தெரியாது. எனக்கு நினைவில் வந்த இழை வேறு. அது ஒடிந்த இடத்தையும் ஒடிந்த காரணத்தையும் எந்த நுண்ணோக்கியும் இல்லாமலே அறிந்தவள் நான்.

என் வேலையை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். தொலைபேசித் துறையில் கேபிள் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்தபோது, குழியில் இறங்கும் வேலைக்கு ஒரு பொம்பளையா என்று கேட்காதவர்கள் இல்லை. எந்த ஊரில் ஜேசிபி கண்ணாடி இழைக் கேபிளை அறுத்தாலும் ஜீப்பில் ஏறிப் போவேன். திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வரை சாலையோரத்தில் எங்கெங்கே இணைப்புக் குழி இருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பயிற்சி மையத்தில் படித்ததையெல்லாம் வீட்டில் வந்து சொல்வேன். ஆரம்பத்தில் கண்ணாடி இழைக்குள் விட்ட ஒளி இருபது மீட்டர் போவதற்குள் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதையும், ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு, செம்பு அழுக்கில்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியதையும், அதை முதலில் பலர் நம்பாததையும் உன் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து களைத்து வந்து தூங்கிவிடுவார். நீ தூங்காமல் கேட்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டில் கதவைச் சாத்தி இருட்டாக்கி, பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, தண்ணீர் வளைந்து விழும்போது பின்னாலிருந்து லேசர் விளக்கைப் பிடித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? ஒளி நேராகப் போகாமல் தண்ணீரோடு சேர்ந்து வளைந்து வாளிக்குள் விழுந்தது. ஐரோப்பாவில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இதைக் காட்டிக் கூட்டத்தை வியக்க வைத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நீ அந்த நீர்த் தாரையை விரலால் தொட்டாய். தொட்ட இடத்தில் ஒளி வெளியே வந்து உன் விரல் சிவந்தது. உள்ளே அடைபட்டிருக்கிற வெளிச்சத்துக்கு வெளியே விரல் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. தரையெல்லாம் ஈரம், போய்ப் படி என்று அதட்டினேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் நீதான் எனக்குப் பதில் கொண்டு வந்தாய்: முழுவதும் உள்ளேயே திரும்புவதுபோல் தெரிந்தாலும் ஒளி மேற்பரப்புக்கு அப்பால் கொஞ்சம் எட்டிப் பார்த்துத்தான் திரும்புகிறது, அந்தத் துளி இடைவெளியில் எதையாவது வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும் என்று. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துதான், இவன் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு எங்கோ போகப் போகிறான் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது என்பதையும் அன்றே கவனித்திருக்க வேண்டும். அது பின்னால் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தது.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழையில் ராசிபுரம் சாலையில் கேபிள் அறுந்தது. நான், மாரப்பன், குழி வெட்ட இரண்டு ஆட்கள், எல்லாரும் போனோம். மாரப்பனை நீ பார்த்திருப்பாய், மல்லசமுத்திரத்துக்காரர். ஒப்பந்தத்தில் இருந்த இணைப்பாளர். இழைகளின் மேலுறையை உரித்து, வெட்டி, இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டுவதில் அவ்வளவு சுத்தம். அன்று கேபிளின் எஃகுக் கம்பி தெறித்து அவர் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். வேறு இணைப்பாளர் நாமக்கல்லில் ஒரு வேலையில் இருக்கிறார், முடித்துவிட்டு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன். குழி வெட்ட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் கண்டேன். மாரப்பன் மட்டும், "மெதுவாப் போடுங்க மேடம், அவசரமில்லீங்க" என்றார்.

இருபத்திநான்கு இழைகளில் பதினேழு வரை ஒழுங்காகப் போட்டேன். பதினெட்டாவதை உரிக்கும்போது உரிப்பான் லேசாகச் சிக்கியது. விரலில் தெரிந்தது. உரிப்பான் உறையோடு கண்ணாடியையும் தொட்டுவிட்டது. அதோடு அரை அங்குலம் கூடுதலாக உரித்திருந்தேன், ஒட்டிய இடத்துக்கு மேல் மாட்டும் பாதுகாப்புக் குழாய்க்குள் அடங்காமல் வெறும் கண்ணாடி வெளியே நிற்கும். இப்படி ஆனால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரிக்க வேண்டும். அது எழுதப்பட்ட விதி. அதற்குப் போதுமான நீளமும் இருந்தது. நான் வெட்டவில்லை. ஒட்டினேன். அளவுக் கருவியில் பார்த்தேன், இழப்பு மிகக் குறைவு, மாரப்பன் வழக்கமாகப் போடுகிறவற்றைவிடவும் நன்றாக இருந்தது. ஒளி தடையில்லாமல் போனது. மீதியையும் போட்டு, தட்டில் வளைத்துச் சுற்றி இணைப்புப் பெட்டியை மூடினேன்.

அன்று உன் பள்ளியில் விளையாட்டு விழா. நீ ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்க வர வேண்டும் என்றுதான் அவசரப்பட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் தலையில் அதைச் சுமத்தியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். விழாவுக்கு நேரம் இருந்தது. அந்த இரண்டு ஆட்களுக்கு முன்னால் தப்பாகிவிட்டது என்று வெட்டி எறிய எனக்கு வெட்கம். அவ்வளவுதான். வேலையைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் இணைப்பாளர் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல மாரப்பன் என்று எழுதினேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. கைப்பழக்கம்.

கண்ணாடியின் வலிமை எங்கே இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு பொறியாளர் கண்ணாடியை இழுத்து இழுத்து மெலிதாக்கி, மெலிய மெலிய அது உறுதியாவதைக் கண்டார். கண்ணாடியின் பலவீனமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இருக்கிறது, அதிலும் முக்கியமாக மேற்பரப்பில். இதை நான் உன் புத்தகத்தில் படித்தேன். கீறலின் நுனியில் ஈரம் போய்ச் சேர்ந்தால், சிலிக்கானும் ஆக்சிஜனும் கோத்திருக்கிற பிடியை ஒவ்வொன்றாக விடுவிக்கும் என்பதையும் அதில்தான் படித்தேன். வளைந்து இறுக்கத்தில் இருக்கும் இழை என்றால் இன்னும் சீக்கிரம். ஒளியை அளக்கும் கருவிக்கு இது எதுவும் தெரியாது. ஒடிகிற நாள்வரை எல்லாம் சரி என்றே காட்டும்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் அந்தப் பதினெட்டாவது இழை ஒடிந்தது. மூன்று ஊர்களின் செல்போன் கோபுரங்களுக்கு அது ஒன்றுதான் வழி, மாற்றுப் பாதை இல்லை. எங்கே ஒடிந்தது என்று கண்டுபிடித்து வேறு இழைக்கு மாற்ற ஐந்து மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஒரு தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்த ரிக் வண்டியில் துளைக் கம்பி நழுவி ஒரு தொழிலாளியின் காலில் விழுந்தது. வடநாட்டுப் பையன், இருபது வயதுகூட இருக்காது என்றார்கள். ஆம்புலன்ஸுக்கு எத்தனை முறை அடித்தும் போன் போகவில்லை. கடைசியில் கம்பி ஏற்றும் லாரியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று தோட்டத்துக்காரர் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றாராம் மருத்துவர். தோட்டத்துக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிய புகாரில் இதெல்லாம் இருந்தது.

விசாரணை வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த கோட்ட அதிகாரி, குழாய்க்கு வெளியே வெறும் கண்ணாடி நின்றதையும் அந்த இடத்தில் ஒடிந்திருந்ததையும் குறித்துக்கொண்டார். பதிவேட்டைப் பார்த்தார். மாரப்பனைக் கூப்பிட்டார். நான் அறையில் இருந்தேன். இது நீ போட்டதுதானா என்று அவர் கேட்டபோது மாரப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏட்டுல என் பேருதானுங்க இருக்குது" என்றார் அவர். அதிகாரி அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். ஒப்பந்தக்காரரிடம் சொல்லி அந்த வாரமே அவரை நிறுத்தினார்கள். வேறு எந்த ஒப்பந்தக்காரரும் அவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று வாய்மொழியாகவும் சொல்லிவிட்டார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டறைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "மீட்டரு சரின்னுதான காட்டுச்சு. நீயாப் போயி ஏன் தலையக் குடுக்கற" என்றார். அவரைக் குறை சொல்லாதே. நான் என்ன கேட்க விரும்பினேனோ அதைத்தான் அவர் சொன்னார். வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். மழை ஈரம், மோசமான பெட்டி, மண் அழுத்தம் என்று நூறு காரணம் தேடி வைத்துக்கொண்டேன். அவற்றில் சில உண்மையும்கூட. ஒரு கீறல் எத்தனை நாளில் ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா? அந்தச் சந்தேகத்துக்குள் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்தேன். அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒரு முறை தோட்டம் வரை போனேன். அவனை ஊருக்கு ரயிலேற்றி அனுப்பி நாளாகிவிட்டது என்றார்கள். எந்த ஊர் என்றுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ரிக் முதலாளியிடம் விசாரித்துப் பார்த்தேன், அங்கேயும் கிடைக்கவில்லை. அது இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வருடம் கழிந்த பின், பழைய பதிவேடு மழையில் நனைந்து பிரிந்துபோனதால், புதிதில் எல்லாவற்றையும் பெயர்த்து எழுதச் சொன்னார்கள். எழுதிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் வந்தது. என் கையெழுத்தில் மாரப்பன். முதல் தடவை பழக்கத்தில் எழுதியது. இப்போது எழுதினால் தெரிந்தே எழுதுவது. கை வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, தனித்தாளில் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆத்தூருக்கு மாற்றல் வந்தது அப்படித்தான், சாமி. அலுவலகத் தேவை என்று உன்னிடம் சொன்னேன். நீ எட்டாம் வகுப்பு. ஓட்டக் குழுவில் அப்போதுதான் எடுத்திருந்தார்கள், மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆத்தூர்ப் பள்ளியில் நீ வீட்டை ஊடு என்றதற்கும் வாரேனுங்க என்றதற்கும் சிரித்தார்கள் என்று ஒரு வருடம் வாயைத் திறக்காமலே இருந்தாய். அதற்குப் பிறகு நீ ஓடவேயில்லை. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் கோபத்தில், "உங்க வேலைக்காவ என்னையப் புடுங்கி நட்டீங்க" என்றாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரணம் சொல்லியிருந்தால் நீ மன்னித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா நேர்மையானவள், அதனால் தண்டிக்கப்பட்டாள் என்று நினைத்திருப்பாய். அந்தப் பெருமையை உன்னிடம் வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. தவறு நடந்த அன்றே சொல்லியிருந்தால் ஓர் இழையை வெட்டி எறிவதோடு போயிருக்கும். விசாரணை நாளில் சொல்லியிருந்தாலாவது மாரப்பனின் வேலை போயிருக்காது. நான் சொன்னபோது யாருக்கும் எதுவும் மீதி இல்லை.

மாற்றல் உத்தரவு வந்த வாரம் மாரப்பனைத் தேடிப் போனேன். ஜலகண்டாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பாவு நூலின் நுனிகளைப் பிணைக்கும் வேலையில் இருந்தார். தறி ஓசையில் பேச முடியவில்லை, வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றோம். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். பழைய ஒப்பந்தக்காரரிடம் பேசியிருக்கிறேன், திரும்பக் கூப்பிடுவார்கள் என்றேன். நிறையப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் அன்றைக்கு அதிகாரியிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னார். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க மேடம். நிறுத்துனப்பறமும் ரெண்டு நாளு ஆபீஸ் கேட்டுல வந்து நின்னனுங்க. எப்படியும் வெளிய வந்து கூப்புடுவீங்கன்னு. மூணா நாளு ஊட்டுல திட்டுனாங்க, வரலீங்க."

நான் அந்த இரண்டு நாளும் அவரைப் பார்த்தேன், சாமி. மாடி சன்னலிலிருந்து பார்த்தேன். சம்பளப் பாக்கிக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று கூட எழுதக் கூடாது. எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பின்பக்க வழியாக வீட்டுக்கு வந்தேன். எழுதிக் கொடுத்த தாளில் இந்த இரண்டு நாள் இல்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரர் அவரைக் கூப்பிட்டார். மாரப்பன் ஒரு மாதம் போனார், பிறகு தறிக்கே திரும்பிவிட்டார். யார் பெட்டியை மூடினாலும் ஒரு முறை திறந்து பார்க்கத் தோன்றுகிறது, அந்த மனதோடு அந்த வேலை செய்ய முடியவில்லை என்று போனில் சொன்னார். இப்போது அங்கேயே மேஸ்திரியாக இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை நான் அழைப்பேன். மழை, பிள்ளைகள் படிப்பு என்று இரண்டு நிமிடம் பேசுவோம். மரியாதையாகப் பேசுவார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நீ ஆராய்ச்சிக்குப் போகிற இடத்தில் உனக்கு விலை உயர்ந்த கருவிகள் தருவார்கள். நீ அளக்கும் எண்கள் ஒழுங்காக வரும். ஒழுங்காக வராத ஒன்று உன் விரலுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று அப்போது தயங்குவாய், ஏனென்றால் நீ என் பிள்ளை. தயங்கினாலும் வெட்டி எறிந்துவிடு. அது முடியாமல் போய்விட்டாலும், அதனால் வேறொருவர் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்த நிமிடத்தில் எழுந்து போய்ச் சொல். உன் பெயர் கெடும், பதவி போகும், ஊர் மாற வேண்டி வரும். அதெல்லாம் தாங்கக்கூடியது. தாங்கிப் பார்த்தவள் சொல்கிறேன். கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருக்க, சன்னலை விட்டு நகர்ந்து போவதுதான் தாங்க முடியாதது.

இதை உன் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, நீ கடல் தாண்டிப் போன பிறகு படிக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் மறுபடியும் பின்பக்க வழியாகப் போனதாகிவிடும். அதனால் இன்றைக்கே, நீ வந்து கைகால் கழுவியதும், உன் கையில் கொடுக்கிறேன். நிதானமாகப் படி. மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தாலும் சரி. படித்து முடித்ததும் கீழே வா. ஒன்பது நாள் இருக்கிறது, கேட்க வேண்டியதையெல்லாம் கேள். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா